ஒண்ணும் தெரியாத மேனேஜர்

ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாதவர்கள் புது மொழி கற்கப் போகக் கூடாது. போனாலும், அந்த மொழியில் மேலதிகாரியை யாருக்கும் அறிமுகப்படுத்தக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜப்பானுக்கு ஏறவேண்டிய விமானத்தைக் கோட்டைவிட்டு நானே தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். எங்களில் ஒருவரை அவர்கள் ஊருக்கு அழைத்துப் பயிற்சி தருவதாகவும் சொன்னார்கள். ஒரே ஒரு இடம். எங்கள் மேனேஜர் நரசிம்மன் சார் அலுவலகத்திலேயே ஜப்பானிய வகுப்புக்கு ஏற்பாடு செய்து, யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்தான் போவார் என்று அறிவித்தார்.

நரசிம்மன் சார் மல்லேஸ்வரத்துக்காரர். ஊரெல்லாம் முதலாளியையே பெயர் சொல்லிக் கூப்பிடும் நாகரிகம் வந்துவிட்ட பிறகும், 'சார்' இல்லாமல் கூப்பிட்டால் இவருக்கு மட்டும் காது கேட்காது. மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் அப்படியொரு வேண்டும். சிவாஜிநகரிலிருந்து அத்திபெலே தாண்டி ஓசூர் சித்தி வீடு, அதுதான் அதுவரை நான் பார்த்த வெளிநாடு (மாநில எல்லையைத் தாண்டுகிறோமே). நான் ஜப்பான் போவதை அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். அப்பா நடைபாதையில் திபெத்தியர்களிடம் பேரம் பேசி, மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார்.

வகுப்பெடுத்த ஷைலஜா மேடம், கணவரோடு ஒசாகாவில் குடியிருந்தவர். வேலை முடிந்து சாயங்காலம்தான் வகுப்பு. நான் உட்கார்ந்ததும் என் கால் ஆட ஆரம்பிக்கும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் பக்கத்தில் இருப்பவர்களின் ஜப்பானிய எழுத்துகள் ஆடும். பாடம் முடிவதற்கு முன்பே என் பை தோளில் இருக்கும்.

ஒருநாள் அறிமுகப்படுத்துவது எப்படி என்ற பாடம். "நம்ம ஆளுங்கள வெளியாளுங்களுக்கு அறிமுகம் பண்றப்ப தாழ்த்திச் சொல்லணும். அவங்க ஆளுங்கள உசத்திச் சொல்லணும். அங்க அதுதான் மரியாதை" என்றார் மேடம். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"ஸ்வல்ப கூத்கோம்மா, கொஞ்சம் உக்காரு, பாடம் இன்னும் முடியல."

பஸ் போய்விடும் மேடம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். (அடுத்த பஸ் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது.) எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதை, உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேடம் அதன்பிறகுதான் சொன்னாராம். நம் ஊர் 'சார்' போல அவர்கள் பெயரோடு சேர்க்கும் 'சான்' என்பதை நம் ஆளுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதுவரை அடுப்படியில் என் பெருமையை அளந்துகொண்டிருந்த அம்மா, கூடத்துக்கு வந்ததும் குரலை இறக்கி, "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லிக் குடுத்து பாத்துக்கணும்" என்றாள். அப்படியெல்லாம் இருக்காது என்று மாப்பிள்ளையின் அம்மா மறுக்க, "நிஜமாத்தாங்க, சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது" என்று அம்மா இன்னும் ஒருபடி இறங்கினாள். எல்லோருக்கும் ஏகத் திருப்தி. காபித் தட்டோடு நின்ற எனக்கு மூளைக்குள் விளக்கு எரிந்தது. மேடம் சொன்னது இதைத்தான். ஜப்பான்காரர்கள் நம்ம ஆளுங்கதான்.

ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும் நாளும் வந்தது. எல்லோரையும்விட வேகமாகப் பேசுவேன் என்பதால், அறிமுகப்படுத்தும் பொறுப்பை சார் எனக்கே கொடுத்தார். அன்றைக்கு ஒழுங்காகச் செய்தால் இடம் எனக்கு. வந்தவர்களில் மூத்தவர் நரைத்த தலையோடு சாந்தமாக இருந்தார். அவரோடு ஒரு இளம்பெண்ணும் வந்திருந்தாள். யார் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

சார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார். நான் குனிந்து வணங்கி, பிசிறில்லாத ஜப்பானிய மொழியில் சொன்னேன்:

"இவர் எங்கள் மேனேஜர் நரசிம்மன். இவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள்தான் சொல்லிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஷைலஜா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவரின் புருவம் லேசாக ஏறியது. அப்படி இருக்காது என்று அவர் பணிவாக மறுத்தார். ஆஹா, மாப்பிள்ளையின் அம்மா சொன்ன அதே வசனம். நான் விடுவேனா? நிஜமாகத்தான், இவருக்குக் கம்ப்யூட்டரே தெரியாது என்று அடித்துச் சொன்னேன்.

அப்போதுதான் அந்த இளம்பெண் வாயைத் திறந்தாள். அவள் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிய மொழியில் யார் எதைச் சொன்னாலும் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதுதான் அவள் வேலை. இவர் நரசிம்மன், இவருக்கு எதுவும் தெரியாது, தயவுசெய்து கற்றுக்கொடுங்கள், கணினியும் தெரியாது என்பது உறுதி என்று எதையும் விடாமல், சிரித்த முகத்தோடு, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள். அதிலும் 'சார்' இல்லை.

விசிட்டிங் கார்டை நீட்டிய சாரின் கை அந்தரத்திலேயே நின்றது. என் கால் ஆட ஆரம்பித்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர்களெல்லாம் கிணுகிணுத்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு மூத்தவர் எழுந்து பேசினார். காலையில் வைக்கப்பட்ட கோரிக்கையைத் தாங்கள் ஆழ்ந்து யோசித்ததாகவும், தன் கீழ் வேலை செய்பவரே குறையைச் சொல்லக் கேட்டும் கோபப்படாத மேனேஜரை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். அதனால் பயிற்சிக்கான அந்த ஒரு இடத்தை நரசிம்மன்-சானுக்கே தருகிறார்களாம். சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டதும் நான்தான். சொல்லிக் கொடுக்கிறோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

கழிவறைக்குப் போய் அழுதேன். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, எல்லா விதமாகவும் அழுதேன்.

சாயங்காலம் சார் கூப்பிட்டனுப்பினார். ஷைலஜா மேடம் அதற்குள் அவரிடம் விளக்கம் சொல்லியிருந்தார். திட்டுவார் என்று போனால், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஒரு சந்தேகம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இந்த ஆபீஸ்ல வேற யாராவது சொல்லிண்டிருக்காளா?" இல்லை சார் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவரப் போயி ஏன்டி அப்டிச் சொன்ன?"

"நீ என்னச் சொல்லலயா?"

"உன்னச் சொன்னா பொய்னு அவங்களுக்குத் தெரியும்டி."

சார் ஒரு பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலோடு ஜப்பான் போனார். நான் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓசூர் சித்தி வீட்டுக்குப் போனேன்.

எதற்கும் லாயக்கில்லை என்று அம்மா அவ்வளவு சொல்லியும், அந்த மாப்பிள்ளை வீட்டார் என்னையே முடித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு, ஊர் திரும்பியிருந்த நரசிம்மன் சார் வந்தார். மேடையேறி, மாப்பிள்ளைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து, என்னைவிட நல்ல ஜப்பானிய மொழியில் நிதானமாகச் சொன்னார்: "இவள் எங்கள் பெண். இவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள்தான் சொல்லிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

என்ன அர்த்தம் என்பதுபோல மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மேடத்தின் அந்தப் பாடத்தில் நான் இருந்து கேட்ட ஒரே பகுதி, நம்ம ஆட்களைத்தான் தாழ்த்த வேண்டும் என்பது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. ஆல்பத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறேன்.

கதையைக் கேட்டதிலிருந்து என் கணவருக்கு வேறு அறிமுகமே வாயில் வருவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க வீட்டம்மா. ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்கிறார். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாதம் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் மட்டும் அதை நம்பி, எந்தப் பொத்தான் எதற்கு என்று தொடக்கத்திலிருந்து விளக்கினார். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.