மார்க்கஸுக்குக் கண்வருத்தம்

பூசைக்கு மணியடிக்கப் போகிற நேரத்தில், ஒஸ்லோவில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கழிவறையில் நின்று மார்க்கஸ் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தான். தோல்தான் சிவந்ததே தவிர, கண்களைச் சுற்றியிருந்த கறுப்பு இறங்குவதாக இல்லை.

முந்தின நாள் அவன் கிற்றார் வாசித்தது, முகத்துக்கு வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு மேடையில் உறுமுகிற ஒரு மெற்றல் இசைக்குழுவில். அவன் தொழில் அப்படி. எந்தக் குழுவில் ஆள் வராவிட்டாலும் மார்க்கஸைத்தான் கூப்பிடுவார்கள். மீன் விளம்பரத்துக்கு வாசிப்பான், டென்மார்க் போகிற கப்பலில் கிழவர்கள் ஆட வாசிப்பான், தமிழ்க் கலியாணங்களில் சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டு. அவனுக்குக் கலியாணம் பேசியவர் பெண் வீட்டில் ஞானப்பாட்டை மட்டும் சொல்லியிருந்தார். கெட்டிக்காரர்.

பெண், பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருக்கிற எமிலியா. ஒருமுறை பார்த்துக் கதைத்ததிலேயே மார்க்கஸ் விழுந்துவிட்டான். கட்டினால் அவளைத்தான் என்று இருந்தான். அவளுடைய தகப்பன் கொன்ஸ்ரன்ரைன், இந்தக் கோயிலின் சபைத் தலைவர். பீடத்துப் பூ வாடியிருந்தாலே விசாரணை வைக்கிற மனிதர்.

அவர்தான் வாசலில் மறித்தார்.

"தம்பி, கண்ணுக்கு என்ன?"

"ஒரு சின்ன வருத்தம், அங்கிள்."

அந்தச் சின்ன வருத்தம் பீடத்தை அடைவதற்குள் பெரிதாகிவிட்டது. பார்வை மங்கிவரும் நம் இளைஞனுக்காக மன்றாடுவோம் என்றார் பூசை வைத்த சுவாமி. பின்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் கண்நோய்க்குக் காவலான புனித லூசியம்மாளுக்கு நவநாள் செபம் சொல்வதாக அங்கேயே நேர்ந்துகொண்டார்.

தனக்குக் கண் தெரியும் என்று காட்ட மார்க்கஸ் அடுத்த பாட்டை விழிகளை அகல விரித்துக்கொண்டு வாசித்தான். வேர்த்துக் கொட்டியதில் மிச்சக் கறுப்பும் கரைந்து கன்னத்தில் இறங்கியது. கண்ணிலிருந்து கறுப்பாக நீர் வடிகிறது என்று குழந்தை ஒன்று அலறியது. பூசை முடிந்ததும் கொன்ஸ்ரன்ரைன் மறுபேச்சில்லாமல் அவனைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் எமிலியாவைக் காணவில்லை. மேலே நித்திரையாம். அவள் தாய் மக்டலீன் சோறு போட்டாள். மார்க்கஸ் சாப்பிட வாயைத் திறந்தபோது கொன்ஸ்ரன்ரைன் தொண்டையைச் செருமினார்.

"குறை நினைக்காதையும், தம்பி. பார்வை போற பிள்ளைக்கு என்ரை மகளை எப்பிடிக் குடுக்கிறது?"

மார்க்கஸ் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். குருடன் என்றாலும் பெண் இல்லை, உண்மையைச் சொன்னாலும் பெண் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று முடிவெடுத்தான்.

"இது வருத்தமில்லை அங்கிள், மை. நான் ஒரு மெற்றல் குழுவிலையும் முகத்திலை மை பூசிக் கிற்றார் வாசிக்கிறனான். அதுவும் என்ரை தொழில்தான், விடமாட்டன். எமிலியாவையும் விட ஏலாது."

கொன்ஸ்ரன்ரைன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று மார்க்கஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

மக்டலீன் குளியலறைக்குப் போய் ஒரு எண்ணெய்ப் போத்தலும் பஞ்சும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சவர்க்காரத்துக்கு இது போகாது, தம்பி. எமிலியா டிரம் அடிச்சுப்போட்டு வந்தால் நான் இதாலைதான் மையைத் துடைச்சு விடுறனான்."