சிவப்பு நிற்காத ஆலம்

பத்து நிமிடத்துக்கு முன்னால் ரத்தச் சிவப்பாக இருந்த ஆலம், இப்போது மஞ்சளாக இருந்தது.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு தாம்பாளத்தைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மஞ்சள்தான்.

அனல்மின் நிலையத்தின் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு முப்பது வருட சர்வீஸ். பாய்லருக்குப் போகிற தண்ணீர் அமிலமா காரமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், ஏனென்றால் சுண்ணாம்பு காரம். அதில் அமிலம் விழுந்தால்தான் திரும்ப மஞ்சளாகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். ஹால் டீப்பாயில் சும்மா இருந்த தட்டில் அமிலம் எங்கிருந்து வந்தது?

நாலு மாதத்துக்கு முன்னால் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஒரே மகள் சண்முகப்பிரியா, இன்றைக்குத்தான் முதல் முறையாகப் புருஷனோடு குவார்ட்டர்ஸுக்கு வருகிறாள். நேற்று போனில், "அப்பா, ஆலம் சுத்தித்தானே உள்ள கூப்பிடுவாங்கன்னு எங்க மாமியார் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்ப்பா" என்றாள். சொன்ன குரலில் பாதி கேள்வி இருந்தது.

சமையலறையில் கமலா வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக மகளோடு பேசாதவள்.

"கமலா, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் வாசல் வரைக்கும்..."

"வரமாட்டேன். அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான்."

"சரி, நீ வரவேண்டாம். பக்கத்து வீட்டு கஸ்தூரியம்மா ஆலம் எடுக்கறேன்னு சொல்லிட்டாங்க."

கரண்டி ஒரு விநாடி நின்றது. பிறகு வாணலியை இரண்டு மடங்கு சத்தத்தோடு கிளறியது.

"தாராளமா எடுக்கட்டும்."

அவர் ஹாலுக்கு வந்து கூடுதலாகச் சுண்ணாம்பு கரைத்தார். தண்ணீர் அழகாகச் சிவந்தது. நிம்மதியாக மூச்சு விட்டபோது போன் அடித்தது. அந்த வீட்டில் சிக்னல் என்பது வாசல் வேப்பமரத்தடியில் மட்டும்தான். வெளியே ஓடினார்.

"அப்பா, பண்ருட்டி தாண்டிட்டோம். அம்மா ஏதாவது பேசினாங்களா?"

"பேசிக்கிட்டுதான் இருக்கா."

"என்னப்பத்தியா?"

"வாழைக்காயப்பத்தி. நீ வாம்மா, பாத்துக்கலாம்."

திரும்பி வந்தார். ஆலம் மஞ்சளாக இருந்தது.

வேலைக்காரி தனகோட்டி டீப்பாய்க்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காலையிலிருந்து இந்த ஹாலை எத்தனை தடவை பெருக்குவே?"

"மாப்ள வர வூடாச்சே அய்யா. தூசியா வந்துகினே கீது."

சங்கரலிங்கம் சும்மா விடவில்லை. சுண்ணாம்பு பழசோ என்னவோ என்று அலமாரியில் இருந்த ஆப்பசோடாவை எடுத்து ஒரு கரண்டி நிறையக் கொட்டினார். அதுவும் காரம்தானே.

தட்டு புஸ்ஸென்று பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி, அவர் உடுத்தியிருந்த புது எட்டு முழ வேட்டியில் வழிந்தது.

ஆனால் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சோடா இப்படிப் பொங்கினால் தட்டில் அமிலம் இருக்கிறது என்று அர்த்தம்!

"தனகோட்டி! இந்தப் பித்தளைத் தட்டை எதைப் போட்டுத் தேய்ச்சே?"

அவள் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பு... புளி அய்யா."

"அதான் பாத்தேன்! புளி அமிலம். சுண்ணாம்பு காரம். ரெண்டும் சேந்தா உப்பும் தண்ணியும். அப்புறம் எப்படிச் சிவக்கும்?"

"எனக்கு இன்னா தெரியும் அய்யா?" என்றாள் அவள். ஏனோ அவள் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

தட்டை மாற்றுவதற்கு முன்னால் வேட்டியைக் கவனிக்க வேண்டியிருந்தது. மஞ்சள் கறை மேல் துணி சோப்பை வைத்து நன்றாகத் தேய்த்தார். சோப்பும் காரம் என்பது முப்பது வருட அனுபவத்துக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வேட்டி செக்கச் செவேலென்று ஆனது.

அப்போதுதான் கஸ்தூரியம்மாள் உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

"அய்யோ சார்! யாருக்கு என்ன ஆச்சு?"

"மஞ்சள்ங்க. சோப்பு பட்டுச் சிவந்திடுச்சு."

"வேட்டி சிவக்குது, ஆலம் சிவக்கலையா? என்ன வீடு சார் இது!"

உள்ளேயிருந்து கமலாவின் குரல் வந்தது. "ஆய்வுக்கூடத்துல முப்பது வருஷமா என்னதான் பண்றாரோ!"

சங்கரலிங்கம் எவர்சில்வர் தட்டை எடுத்து மூன்று முறை கழுவினார். மஞ்சளைக் கரைத்து, டப்பாவில் மிச்சமிருந்த சுண்ணாம்பு முழுவதையும் வழித்துப் போட்டார். பிரமாதமான சிவப்பு. கஸ்தூரியம்மாளே மெச்சினார்.

போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே வேறு காரில் வருகிறார்களோ என்ற பதற்றத்தில், பார்க்கலாம் வாங்க என்று கஸ்தூரியம்மாளையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்.

"அப்பா, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்குள்ள வந்தாச்சு. நாங்க ரெண்டு பேர்தான். ஆட்டோல வர்றோம். அஞ்சு நிமிஷம்."

திரும்பினார்கள். தட்டு பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

கஸ்தூரியம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு சார். எங்க வீட்டுல சுண்ணாம்பு இருக்கு, கொண்டாறேன்" என்று ஓடினார். அவர் கேட்டைத் தாண்டவும் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பிரியா இறங்கினாள். பக்கத்தில் மாப்பிள்ளை அறிவழகன், கையில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு. அவள் கண் அப்பாவைத் தாண்டி வாசலுக்குள் யாரையோ தேடியது. பிறகு அவருடைய சிவந்த வேட்டிக்கு வந்தது.

"அப்பா! என்ன இது?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு பேரும் அப்படியே... ஒரு நிமிஷம்... அங்கேயே நில்லுங்க."

எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? ஆலம் இல்லை. அம்மா இல்லை. மகளின் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது.

"வழியை விடுங்க."

பின்னால் கமலா நின்றிருந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. கையில் வெள்ளித்தட்டு. அதில் குங்குமத்தைத் தோற்கடிக்கும் சிவப்பில் ஆலம், நடுவே வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்தது.

"கிழக்கப் பாத்து நில்லுங்க ரெண்டு பேரும்" என்றாள். மூன்று சுற்று சுற்றினாள். மகள் நெற்றியில் வைத்த பொட்டு கோணலாகப் போயிற்று. மாப்பிள்ளை நெற்றியில் வைக்கும்போது சமாளித்துக்கொண்டாள்.

"அம்மா..." பிரியா விசும்பினாள்.

"அழாதே. கற்பூரம் அணைஞ்சிடும். வலது கால எடுத்து வெச்சு வா."

சங்கரலிங்கம் வாய் பிளந்து நின்றார். கமலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க? நீங்க ஒழுங்கா ஒரு ஆலம் கரைச்சிருந்தா நான் ஏன் வாசலுக்கு வரப்போறேன்? வேற வழியில்லாம வந்தேன். அவ்வளவுதான்."

அவர் சிவந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

கமலா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "தனகோட்டி! அய்யா காலையில ஆறு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தாரில்ல? மாப்பிள்ளைக்கு ஜூஸ் போடு."

தனகோட்டி துடைப்பத்தோடு ஹாலுக்கு வந்தாள்.

"ஏதும்மா பழம்? ஆறையும்தான் அய்யா தட்டுல புழியச் சொல்லிட்டீங்களே!"