மோப்பம் இல்லாமல் ஓடாத லாஞ்சு

வடசென்னைக்காரர்களுக்கு மூக்கு என்பது ஆண்டவன் ஏதோ கோபத்தில் வைத்து அனுப்பிய உறுப்பு. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் ரசாயன நெடி. கொடுங்கையூர்ப் பக்கமிருந்து அடித்தால் குப்பைமேட்டுப் புகை. கடலிலிருந்து அடித்தால் கருவாடு. நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பிழைத்த ஊரில், மூக்கை நீட்டிக்கொண்டு பிழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் மோப்பம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் சம்பளக் கவரின் மேல்கூட எங்கள் முதலாளி ‘மோப்பம்’ என்றுதான் எழுதுவார். மோப்பமும் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் கடைசி. ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, சோப்பு, செய்தித்தாள் என்று கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி நல்லவர், ஆனால் சந்தேகப் பேர்வழி. செல்போன் வாங்கியிருந்தார், வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் அது அடித்தால் எடுக்க மாட்டார், யாராக இருக்கும் என்று சந்தேகப்பட மட்டும் செய்வார்.

சாமான் கொண்டுபோக ஒரு பழைய லாஞ்சு இருந்தது. ஒரு காலத்தில் யாரோ சீமான் குடும்பத்தோடு உல்லாசமாகச் சுற்றிய படகாம். ஏலத்தில் எங்களிடம் வந்தபிறகு, மெத்தை வைத்த சீட்டில் வெங்காய மூட்டைகள் சாய்ந்து உட்கார்ந்து கடல் காற்று வாங்கின. நடுவயிற்றில் பெட்ரோல் இன்ஜின். அதன் டிரைவர்தான் மோப்பம்.

அவர் முகராத பொருள் இல்லை. டீயை முகர்ந்து, “இது நாலாந்தபா கொதிச்ச தூளு, மாத்து” என்று கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார். கப்பல் கேப்டன் கை குலுக்கினால், குலுக்கிய கையை அங்கேயே முகர்ந்துவிட்டு, “பாவம், தண்ணிக்குள்ளயே கீறாரு, குளிக்கத்தான் தண்ணி இல்ல போல” என்பார். அந்தக் கேப்டனுக்குத் தமிழ் தெரியாதது எங்கள் கம்பெனியின் அதிர்ஷ்டம். திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வந்து நான் பையை மேஜையில் வைத்ததும், “இன்னா தங்கச்சி, இன்னிக்கு மீன்கூடை பக்கத்துல குந்திகினு வந்தியா?” என்று கேட்பார்.

ஒருநாள் முதலாளி டிபன் கேரியரைத் திறந்தபோது மோப்பம் வாசலில் நின்றிருந்தார்.

“நைனா, இது உங்க வூட்டு சாம்பாரு இல்ல. முக்கு ஓட்டலு சாம்பாரு.”

முதலாளி வீட்டில் அன்று சாயங்காலம் என்ன நடந்ததோ தெரியாது. மறுநாள் முதல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த மூக்கு தப்பே பண்ணாது என்று நினைத்துவிட வேண்டாம். மழை வாசனை வருகிறது என்று என்னைக் குடை எடுத்துவர வைப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும். கேட்டால், “வந்த மழ கும்மிடிப்பூண்டி பக்கம் திரும்பிகிச்சு” என்பார். தன் மூக்கை விட்டுக்கொடுத்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இந்த முகர்தலின் உச்சம் லாஞ்சில்தான். கிளம்புமுன் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். “தங்கம். போலாம்” என்றால் தங்கம். சில நாள், “இந்த பங்க்காரன் நேத்து பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுகிறான், பெட்ரோலு கடுகடுன்னு கீது” என்பார். நடுக்கடலிலும் சும்மா இருக்க மாட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டியரிங்கைக் கூட வருபவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் இன்னொரு முறை முகருவார். துறைமுக வாசலைத் தாண்டினால் பெட்ரோலின் மனசு மாறும் என்பது அவர் கட்சி.

பிரச்சினை எப்படி ஆரம்பித்ததென்றால், மோப்பம் அம்மைபோட்டுப் படுத்துவிட்டார். முதலாளி தற்காலிகமாக ஒரு புது டிரைவரை அமர்த்தினார். கறுப்புக் கண்ணாடி, பேன்ட்டுக்குள் செருகிய சட்டை, டிப்ளமா. ஆனால் லாஞ்சு அவனை மதிக்கவில்லை. வெயில் ஏறினால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. பேட்டரி சாகும்வரை இழுக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டாலும் கொஞ்ச தூரத்தில் இருமும், துள்ளும், டப்பென்று வெடிக்கும், நின்றுபோகும். கோழிகளோடு அவன் நடுக்கடலில் நிற்பதும், மீன்பிடிப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வருவதும் வாடிக்கையானது.

மெக்கானிக் அந்தோணியைக் கூப்பிட்டோம். அந்தோணிக்கு ராயபுரம் சர்ச்சுக்குப் பின்னால் பட்டறை. அவர் பிளக்கை மாற்றினார். பாயின்ட் மாற்றினார். காயில் மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்பையும் மாற்றினார். அதற்குள் மோப்பத்துக்கு உடம்பு தேறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வந்து நின்றார். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், சாவியைத் திருப்பினார். லாஞ்சு கல்யாண வீட்டு நாயனம் மாதிரி ஒலித்தது.

“இன்னா அந்தோணி, ஊர்ப்பட்ட சாமான மாத்திட்ட போல?”

“நீ இன்னாயா பண்ண?” என்றார் அந்தோணி.

“ஒண்ணியும் பண்ல. அதுக்கு நான் இல்லாங்காட்டி மனசு கேக்காது.”

புது டிரைவர் மறுபடி ஓட்டினான், நின்றது. மோப்பம் ஓட்டினார், ஓடியது. மோப்பம் சும்மா கூடப் போனாலே ஓடியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் லாஞ்சைப் பற்றிப் பேசும்போது, தாய்வீட்டுக்குப் போகமாட்டேன் என்று புருஷனையே பிடித்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டியைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலாளிக்கு இதில் வேறு வாசனை அடித்தது.

“அவன் இருந்தா ஓடுது, இல்லன்னா நிக்குது. இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார். “எதையோ பிடுங்கி வெக்கறான். இவன் வந்ததும் மாட்டிக்கறான். புதுசா ஒருத்தன் வந்துட்டா வேலை போயிடும்னு பயம்.”

“அண்ணா அப்படிப்பட்ட ஆளு இல்ல சார்.”

“உனக்குத் தெரியுமா?”

“மனசுல ஒண்ணு வெச்சுகிட்டு வெளில ஒண்ணு பேசறவரா இருந்தா, உங்க சாம்பார் விஷயத்தைச் சொல்லியிருப்பாரா சார்?”

முதலாளி டிபன் கேரியரை மேஜைக்கடியில் தள்ளினார். “நாளைக்குச் சோதிச்சிடலாம். அவன் கையைக் கட்டிக்கிட்டு உட்காரட்டும். நிஜமாவே ரிப்பேர்னா நின்னுடும். ஏதாவது திருட்டுத்தனம் பண்ணா கையும் களவுமா பிடிச்சு அன்னிக்கே அனுப்பிடுவேன். நீயும் வா, சாட்சிக்கு.”

மோப்பம் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று டீ வந்தபோது அவர் அதை முகராமல் குடித்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் கிளம்பினோம். நான் அதுவரை கடலை ஓரமாக நின்று பார்த்தவள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். புது டிரைவர் ஸ்டியரிங்கில். அந்தோணி இன்ஜின் பக்கம். முதலாளி நடுவில், போலீஸ்காரர் மாதிரி. மோப்பம் பின்னால் ஒரு வெங்காய மூட்டைமேல் கையைக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எதையும் தொடக் கூடாது” என்றார் முதலாளி.

“தொடல, நைனா.”

இன்ஜின் இழுத்தது, இழுத்தது, கடைசியில் போனால் போகிறதென்று பிடித்தது. துறைமுக வாசலைத் தாண்டினோம். வெளி அலை தூக்கிப் போட்டது. அங்கே போய் லாஞ்சு ஒரு இருமல் இருமியது. பிறகு இரண்டு. டப்பென்று ஒரு வெடி. அமைதி.

“பாத்தீங்களா சார்?” என்றான் புது டிரைவர், சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம் அவனுக்கு நீடிக்கவில்லை. அலை எங்களைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. அந்தப் பக்கம் இருந்தது அலைத்தடுப்புக் கருங்கற்கள். ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. நங்கூரத்தைத் தேடினோம், பாரம் குறையட்டும் என்று கரையிலேயே இறக்கி வைத்திருந்தான் அந்த டிப்ளமா புண்ணியவான். அந்தோணி பிளக்கைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் கர்ர் என்றதே தவிர எழவில்லை. கல்லில் அலை மோதும் சத்தம் கேட்டது. பிறகு தெறித்த தண்ணீர் என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

“மோப்பம், ஏதாவது பண்ணுய்யா” என்றார் முதலாளி.

“தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே.”

“தொட்டுத் தொலையேன்.”

“அப்பால திருட்டுத்தனம்னுவீங்க.”

“அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது” என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டென்று எழுந்து தொட்டி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. குனிந்து முகர்ந்தார்.

“பயந்துகினு கீது” என்றார்.

“யாரு?” என்றார் முதலாளி.

“பெட்ரோலு. இப்ப ஸ்டார்ட் போடு தம்பி.”

புது டிரைவர் சாவியைத் திருப்பினான். நாலு சுற்றில் இன்ஜின் எழுந்தது. கற்களின் வாயிலிருந்து வளைந்து வெளியே வந்தோம். முதலாளி எந்தெந்தச் சாமியையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தோணியிடம் கேட்டேன்: “மூடியைத் திறந்தப்போ கோலி சோடா உடைச்ச மாதிரி ஒரு சத்தம் வந்துதே, அது ஏன்?”

அந்தோணி என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரால் தன் தலையிலேயே மெதுவாகத் தட்டிக்கொண்டார்.

“எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ எறங்குமாம்மா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடணுமில்ல? காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு வெளிய வரும். இந்தத் தொட்டிக்குக் காத்து போற குழா எங்கியோ அடச்சிகினு கீது. ஓட ஓட உள்ள இறுக்கிப் புடிச்சுக்குது. வெயில்ல நின்னா ஆவி முட்டிகினு பெட்ரோல இன்ஜினுக்குள்ள தள்ளி மூழ்கடிச்சிடுது. இந்தாளு மூடியத் தொறந்து மோந்து பாக்கறப்பல்லாம் அது மூச்சு வுட்டுக்குது. அம்ம எறங்கி வந்ததுலேர்ந்து இவரு என் கண்ணு எதிர்லயே தொறந்து தொறந்து மோந்துகினு இருந்தாரே.”

கரைக்கு வந்ததும் அந்தோணி லாஞ்சின் வெளிப்பக்கம் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். நீலப் பெயிண்ட் உரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு நீலம். அதற்கும் கீழே பள்ளம் நிரப்பும் மக்குப் பூச்சு. வெங்காயம் உரிப்பதுபோல உரித்து உரித்துக் கடைசியில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

“எவன்யா இதுமேல மக்கு வெச்சு பெயிண்ட் அடிச்சது?” என்று கத்தினார் முதலாளி.

பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல மோப்பம் கையைத் தூக்கினார்.

“நான்தான் நைனா. வருசா வருசம் நான்தான அடிக்கிறேன். மொகத்துல ஓட்ட மாதிரி கலீஜா இருந்திச்சு. அழகா அடச்சி வுட்டேன்.”

“அது லாஞ்சோட மூக்குய்யா” என்றார் அந்தோணி. “ஊரெல்லாம் மோந்துகினு திரியிற, இதோட மூக்க அடச்சிட்டியே.”

நாங்கள் சிரித்தோம். புது டிரைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். முதலாளி கற்களை மறந்து சிரித்தார். மோப்பம் சிரிக்கவில்லை. அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, அது எனக்காவ ஓடலியா?” என்றார்.

லாஞ்சு அன்று சாயங்காலமே புது டிரைவருக்கு நன்றாக ஓடியது. மறுநாள் மோப்பம் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முதலாளி இரண்டு நாளும் கதவைச் சாத்தாமல் சாப்பிட்டார். ஒரு மனிதனைத் திருடன் என்று நினைத்துவிட்டது அவரை அரித்தது; ஆனால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு மோப்பம் வீட்டுக்கே போனார். வாசலில் நின்றபடி, “என்ன மோப்பம், லாஞ்செல்லாம் சுரண்டிப் போட்டிருக்கு. பெயிண்ட் அடிக்க வேணாமா? என்ன கலர் வாங்கட்டும்?” என்றார்.

“என்னையா அடிக்கச் சொல்றீங்க?”

“வேற யாரு? புதுப் பையனை எண்ணூர்ப் பக்கம் பில் கொடுக்க அனுப்பிடறேன். அவனுக்குக் கடல் ஒத்துக்கல.”

மோப்பம் என்னைக் காட்டி, “தங்கச்சியக் கேளுங்க நைனா. எனக்காவ வாயத் தொறந்தது அதான். அது சொல்ற கலரு” என்றார்.

நான் யோசிக்காமல் மஞ்சள் என்றேன்.

“சூப்பரு கலரு” என்றார். “நானும் அத்ததான் நெனச்சேன்.”

கல்யாணமாகி நான் அந்த வேலையை விட்டுப் போனேன். சில வருடம் கழித்து ராயபுரம் மார்க்கெட்டில் ஒரு அம்மாள் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். மோப்பத்தின் மனைவி. அவர் நன்றாக இருக்கிறார் என்றும், இன்னும் அதே லாஞ்சுதான் என்றும் சொல்லிவிட்டு, “நீதான அந்த மஞ்சக் கலரு சொன்னவ?” என்றார்.

“ஆமாக்கா. ஏன்?”

“அந்தாளுக்கு மஞ்சளே ஆவாதும்மா. வூட்ல ஒரு மஞ்சத் துணி கொடியில காய வுட மாட்டாரு. ஆனா வருசா வருசம் லாஞ்சுக்கு மட்டும் அதே கலருதான் அடிக்கிறாரு. அந்தப் பொண்ணுதான் போயிடுச்சே, மாத்தேன்யான்னு நான்கூட சொன்னேன். ‘தங்கச்சி என்னிக்கினா கடல் பக்கம் வந்தா, நம்ம லாஞ்சு எதுன்னு அதுக்கு அடையாளம் தெரிய வேணாமா’ன்றாரு.”