பொய்க்காத எச்சரிக்கை

திண்டிவனத்துக்கு மேற்கே சுழல்காற்று அடித்து ஓய்ந்து, சரியாக மூன்று மணி நேரம் கழித்து எல்லார் செல்போனும் ஒன்றாக அலறியது. 'கடும் சுழல்காற்று வீசக்கூடும். வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம்.' குப்பம்மாள் அப்போது தன் வீட்டைத் தேடி ஏரிக்கரைக்குப் போயிருந்தார்.

உலகத்தில் ஒரு எச்சரிக்கைகூடப் பொய்க்காத ஒரே அலுவலகம், விழுப்புரத்தில் இருக்கும் 'காற்றுத் தீவிரக் கணிப்பு மையம்'தான். காற்று அடித்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே அது வாய் திறக்கும். இந்த உயரிய முறையைக் கண்டுபிடித்தவர் அதன் தலைவர் அறிவுச்செல்வன். மற்ற ஊர்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காற்று வராமல் போனதும் அசடு வழிவார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சுவரில் கேடயம் மாட்டவும் இடமில்லை.

கலையரசி அங்கே தற்காலிக உதவியாளர். இயற்பியல் படித்தவள். ரேடார் படத்தைப் பார்ப்பாள். சாரிடம் காட்டுவாள். பிறகு சும்மா இருப்பாள். மூன்றாவது வேலைக்கு மட்டும் 'மிக நன்று' வாங்கியிருந்தாள்.

மறுநாள் இருவரும் குப்பம்மாளின் வீடு இருந்த இடத்துக்குச் சேதத்தை 'அளக்க'ப் போனார்கள். அடித்தது இரண்டாம் தரக் காற்று என்று அறிவுச்செல்வன் எழுதினால்தான் குப்பம்மாளுக்குப் புதுக் கூரை. காற்றின் தரமோ, அது உடைத்த கட்டடத்தைப் பார்த்து முடிவாவது.

"எங்கம்மா சேதம்?" அறிவுச்செல்வன் பாக்கெட்டிலிருந்து மல்லாட்டையை எடுத்து, தோலை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"கூரைத் தகடு அத்தினியும் ஏரில கெடக்குதுங்க."

"உடைஞ்சிருக்கா?"

"முழுசாத்தான் இருக்குது. நடுத்தண்ணில."

"அப்ப அது சேதமில்ல. இடமாற்றம். செவுரு?"

"மண்ணுங்க. மழைல கரைஞ்சி போச்சி."

"மண்ணு கட்டடக் கணக்குல வராது. கட்டடமே இல்லாத இடத்துல காத்து எத்த உடைக்கும்? தரம் பூஜ்யம். தென்றல்னு போட்டுக்கோம்மா கலையரசி."

"தென்றலா? ஆட்டையே உருட்டிக்கினு போச்சி சார்!"

"ஆடு கட்டடமா?"

குப்பம்மாள் ஆட்டைப் பார்த்தார். "இல்லீங்க" என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பனே சார்."

"வர்றதுக்கு முன்னாடி யாருக்கும்மா தெரியும்? விஞ்ஞானம் இன்னும் அவ்ளோ வளரல. நீயே சொல்லும்மா, நீதான சயின்ஸ் படிச்சவ." கலையரசியிடம் ஒரு பிடி மல்லாட்டையை நீட்டினார்.

மையத்தில் சேர்ந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒன்றை எடுத்து உடைத்தாள். மொறுமொறுவென்று இருந்தது.

"தெரியும் சார். நேத்து மத்தியானமே தெரியும். நீங்க சொல்லித்தான் உங்க வீட்டுக்கு போன் பண்ணேன். மாடில காய்ஞ்சிக்கினு இருந்த மல்லாட்டைய மேடம் ஜல்தியா அள்ளிட்டாங்க. ஒண்ணுகூட நனையல."