பரமசிவன் அண்ணாச்சியின் மௌன விரதம்

பல்லில் ஆண் பல், பெண் பல் என்று உண்டா? எந்த டாக்டரும் இல்லை என்றுதான் சொல்வார். பரமசிவன் அண்ணாச்சி வீட்டில் உண்டு.

குற்றாலத்தில் துண்டும் குளியல் எண்ணெயும் விற்கிற கடை அவருக்கு. வீடு தென்காசியில். மனைவி ஆனந்தவள்ளிக்குக் கடைவாயில் இரண்டு பல் விழுந்து இரண்டு வருஷமாகிறது. முறுக்கைக்கூடக் காபியில் ஊறப்போட்டுத்தான் தின்கிறாள். அவள் பல் கட்டும் பேச்சை எடுத்தால் அண்ணாச்சியிடம் மூன்று பதில் தயார். சீசனுக்கு முன்னால், "சாரல் விழட்டும், காசு வரும்." சீசனில், "கடையை விட்டுட்டு எப்படி வர?" சீசன் முடிந்ததும், "இனிமே காசு ஏது?" பன்னிரண்டு மாசமும் இதற்குள் அடங்கிவிடும்.

இந்த ஆடியில் நேந்திரம் சிப்ஸ் ஒன்றைக் கடித்தபோது அண்ணாச்சியின் சொந்தப் பல் இரண்டாகப் பிளந்தது. மூன்று பதிலில் ஒன்றாவது ஞாபகம் வந்ததா? வரவில்லை. "வடகரையில எண்ணெய்க்குத் தேங்கா பாத்துட்டு வாரேன்" என்று வீட்டுக்குப் போன் போட்டார். நட்ட நடு சீசனில் கடையைப் பூட்டிக்கொண்டு தென்காசிப் பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கவுண்டரில் போன் நம்பர் கேட்டார்கள். கேஸ், ரேஷன், கரண்ட் பில் என்று காலமெல்லாம் ஒப்பித்த ஒரே நம்பரைக் கன்னத்தைப் பிடித்தபடி ஒப்பித்தார்.

உள்ளே மூன்று ஊசி. பிறகு டாக்டரம்மா, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது போல வாய்க்குள் துழாவினார். பாவம், அண்ணாச்சியின் கண்ணில் ஐந்தருவி கொட்டியது. பல் வந்தது. பின்னாலேயே ரேட்டும் வந்தது.

"பிரிட்ஜ் வச்சுப் பல்லு கட்டணும் சார், இருபத்தஞ்சாயிரம். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினா திங்கக்கிழமையே அளவெடுத்திரலாம்."

பேரம் பேச வேண்டிய வாய் மரத்துக் கிடந்தது. கட்டிவிட்டார்.

"பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. ஒரு மணி நேரம் பேசக் கூடாது."

வழியிலேயே திட்டம் உருவாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி நீட்டினார்: 'குற்றாலநாதருக்கு மௌன விரதம்.'

"முப்பது வருசமா நான் கும்பிட்டது இன்னைக்குத்தான் சாமி காதுல விழுந்திருக்கு!" என்றாள் ஆனந்தவள்ளி. "கன்னம் ஏன் ஒரு பக்கமா வீங்கியிருக்கு? சாமி உள்ளயே வந்துட்டாரா?"

"ம்ம்."

"தேங்கா எங்க?"

கையை விரித்தார்.

"முறுக்கு சுட்டிருக்கேன், திங்கியளா?"

தலை 'வேண்டாம்' என்று படு வேகமாக ஆடியது.

"அப்பம் நானே பேசுதேன். திங்கக்கிழமை நான் பல்லு கெட்டப் போறேன். கூடாதுன்னா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போவல."

பஞ்சு, ரத்தம், எச்சில். வாயைத் திறந்தால் மூன்றும் வெளியே வரும். நான்காவதாகப் பொய்யும் வரும். அண்ணாச்சி பேனாவைத் தேடினார்.

"எழுதுனாலும் விரதம் முறிஞ்சிரும்லா" என்று அவள் பேனாவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்லல. அப்பம் சம்மதம்."

அண்ணாச்சியின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. இந்த இளக்கம் மட்டும் இல்லாதிருந்தால் நம் பெண்களுக்கு எல்லாப் பல்லும் என்றைக்கோ வந்து சேர்ந்திருக்கும்! உள்ளே போய் ஒரு கப் ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு மணி நேரம் ஆயிட்டு. பஞ்சைத் துப்பிட்டு இதைத் தின்னுங்க, வீக்கம் வத்தும்."

பஞ்சு தானாகவே விழுந்தது. மரத்த நாக்கு குழறியது. "ஒனக்கு எப்பிதித் தெதியும்?"

"எந்தக் கவுண்டர்ல கேட்டாலும் என் நம்பரைத்தான சொல்லுவீய? பல்லு புடுங்குனது, பத்தாயிரம் கட்டுனது, ஒரு மணி நேரம் பஞ்சு, எல்லா மெசேஜும் எனக்குல்லா வந்துச்சு. ரொம்ப வலிக்கா?"

திட்டு விழவில்லை என்ற நிம்மதியில் அண்ணாச்சி ஐஸ்கிரீமை வழித்தார். "சதி, திங்கக்கிழமை நானும் வாதேன். எனக்கும் அளவு எதுக்கணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உங்க அட்வான்ஸை என் பேருக்கு மாத்தியாச்சு. நீங்க கடையை விட்டுட்டு எப்படி வர? சீசன்லா!"