பெரியப்பா படித்த பாஸ்வேர்டு

எனக்கு இன்டர்நெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை இப்போது தைரியமாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் சொல்லியிருந்தால் மாமனார் குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே மரியாதையும் போயிருக்கும். ஒருமுறை மச்சினனின் செல்போனை அணைத்து மறுபடி போட்டேன். அது வேலை செய்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (நான் பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.)

அந்த வருடம் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, முழங்கால் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதே மாதம் கோபிக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், காரில் காலை நீட்டிக்கொண்டாவது வருகிறேன் என்றார். அடுத்த கும்பாபிஷேகம் வரை இருப்போமா என்ற கவலை அவருக்கு. கார் ஓட்ட வேண்டியவன் நான் என்பதால், டாக்டர் சொன்ன அறிவுரைகள் எல்லாம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தன. "எதுக்குங்க மாமா சிரமம்? லைவ்ல போடறாங்க. கூட்டத்துல நின்னா கலசமே தெரியாதுங்க, நம்ம டிவில பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

முந்தின நாள் யாகசாலை பூஜையைப் போட்டுப் பார்த்தோம். சிவாச்சாரியார் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. மோடத்தை அலமாரியிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் தலைக்கும் மாற்றினேன். வட்டம் நிற்கவில்லை. கடைசியில் யார் யாருடைய போன் நம் வைஃபையில் இருக்கிறது என்று பார்த்தேன். தெருவே இருந்தது. காரணம் மாமாவின் உபசாரம். உடம்பு விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் தண்ணீர், பிறகு காபி, பிறகு பாஸ்வேர்டு. பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் பெரியப்பா (மாமாவின் பங்காளி, என் மனைவி கவிதாவுக்குப் பெரியப்பா) குடும்பம் முழுக்கக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தது.

நேரில் போய்க் கேட்டிருக்கலாம். காலையில் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என்றால் சந்தோஷமாக அணைத்திருப்பார்கள். ஆனால் நிபுணன் கெஞ்சலாமா? கும்பாபிஷேகத்தன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து பாஸ்வேர்டையே மாற்றினேன். இருந்த கடுப்பில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று, இங்கிலீஷ் எழுத்தில் 'ஊட்டுக்குப் போங்க' என்று போட்டேன். (கோபத்திலும் 'ங்க' விடவில்லை, கவனிக்கவும்.) எல்லா போனும் கழன்றுகொண்டது. ராஜதந்திரியின் திருப்தியோடு பல் விளக்கப் போனேன்.

டிவியும் அதே வைஃபையில்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கோயிலில் தீர்த்தக் குடங்கள் புறப்படும் நேரத்துக்கு, ஊருக்குப் போக முடியாத பங்காளிகள் எங்கள் ஹாலில் கூடிவிட்டார்கள். பெரியப்பா குளித்து, திருநீறு பூசி, முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவியைப் போட்டதும் அது பாஸ்வேர்டு கேட்டது. ரிமோட் மாமாவின் கையில். நான் போடுகிறேன் என்று கையை நீட்டினேன். "நீங்க உக்காருங்க மாப்ள. எழுத்தை மட்டும் சொல்லுங்க, நான் அமுத்தறேன்" என்றார்.

செல்போன் என்றால் எழுத்தைப் புள்ளியாக மறைக்கும். எங்கள் டிவி ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குக் காட்டியது. வாய்க்கு வந்த எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தேன். தவறு என்றது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லா நெனச்சுச் சொல்லுங்க மாப்ள, நேரமாவுதுங்க" என்றார். வேறு வழியில்லை. உண்மையான எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினார். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: "ஊட்டுக்குப்... போங்க."

யாரும் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் ஆபத்து. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "செரிங்க மாப்ள. போயிட்டு வாரோமுங்க" என்றார். ஒவ்வொருவராக எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கவிதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அப்பாலிருந்து மேளச் சத்தம் கேட்டது. பெரியப்பா சொந்த டேட்டாவில் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தம் ஊற்றுகிறார்கள் என்று அங்கே யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. மாமா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. எங்கள் டிவியில் படம் வந்தபோது எல்லாம் முடிந்து, தெளித்த தீர்த்தத்தில் நனைந்த ஜனங்கள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். படம் மட்டும் அவ்வளவு துல்லியம்.

அன்று மத்தியானமே, மாமாவின் காலைப் பின்சீட்டில் தலையணை மேல் நீட்டி வைத்து, கோபிக்கு நான்தான் கார் ஓட்டினேன். கோயிலில் மாமாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தீர்த்தம் கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக் குடித்து முடித்ததும், அங்கிருந்த பங்காளிகளுக்கெல்லாம் பாஸ்வேர்டு கதையை முதன்முதலில் சொன்னவர் அவர்தான். நன்றாகவே சொன்னார்.

இப்போது எங்கள் டிவி தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. சொந்தத்தில் யாரும் எங்கள் வைஃபையைத் தொடுவதில்லை. போன மாதம் பெரியப்பா தன் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். கேட்டிலேயே நின்று, செல்போனை எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, நெட்டை அணைச்சுப்போட்டுத்தானுங்க வந்திருக்கேன். கொஞ்ச நேரம் உக்காரலாமுங்களா?"