கேமரன் என்றால் கோணல் மூக்கு

மலேக்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய டார்குவில் மாமாவுக்கு இஷ்பெல் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், புதுத் தம்பி எல்லோரும் நலம். உங்கள் நலமும் உங்கள் மூக்கின் நலமும் அறிய ஆவல்.

போனில் அம்மாவிடம், "நம்ம குடும்பப் பேரை அந்தப் பிள்ளை தலையில கட்டாத கத்ரீனா. கேமரன்னா நம்ம கேலிக் பாஷையில கோணல் மூக்கு. பள்ளிக்கூடத்துல நான் பட்டது போதும். அந்தப் பேர்தான்னா ஞானஸ்நானத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், உங்களுக்கு மூக்காலேயே வந்திருக்கிறது. அதைக் கேட்டு மிரண்ட அப்பா, பெயர் கேட்க வந்த பாதிரியார் ராத்ரேயிடம், "கேமரன்னுதான் வைக்கிறதா இருந்தோம். கோணல் மூக்குன்னு அர்த்தமாமே, அப்படி ஒரு மூக்கை வச்சுக்கிட்டு யாருதான்..." என்று ஆரம்பித்து, எதிரே இருந்த மூக்கைப் பார்த்து அப்படியே நிறுத்த, நான் மேசைக்கு அடியில் போய்விட, பாதிரியார் டீயை ஊதிக்கொண்டே, "இது பேரால வந்ததில்ல கில்லிஸ், ஷின்டி ஆட்டத்துல மட்டையால வந்தது. அடிச்சது உங்க மச்சான்தான்" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை மாமா. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "கல்யாணத்தோட அந்தப் பேர் என்னை விட்டுப் போச்சு. அண்ணனுக்கும் பிள்ளை இல்ல. இவனுக்கு வச்சா, தினமும் வாசல்ல நின்னு 'கேமரன், சாப்பிட வாடா'ன்னு கத்தலாம்ல" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆசை. உங்கள் பெயருக்குப் பின்னால் வாலாகத் தொங்குவதைத் தம்பிக்குத் தலையில் வைக்கிறோம். வீட்டில் வால் என்றால் இனி நான் ஒருத்திதான்.

அர்த்தத்தைப் பற்றி வீணாகக் கவலைப்படாதீர்கள். தம்பியின் மூக்கை அளவுகோல் வைத்தே பார்த்துவிட்டேன், நேர்க்கோடு. பெயருக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பாதிரியாரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகவும்.

உங்கள் படகுக்கும் பூனைக்கும் என் அன்பு. கடல் உங்களிடம் நல்லபடி நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் மருமகள்,
இஷ்பெல் கில்லிஸ்

பி.கு.: இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா பார்த்துவிட்டாள். தம்பியின் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. என் அளவுகோல்தான் கோணலாம். அவன் மூக்கையே தடவித் தடவி, "அப்படியே எங்கண்ணன்" என்று சிரிக்கிறாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். அந்த மூக்கோடு பள்ளிக்கூடம் போகப்போகிறவனுக்கு, வழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். வந்துவிடுங்கள் மாமா.